புல்வெட்டும் மெஷினின் கார்புரேட்டரைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை இறங்கியதும் இராமநாதபுரம் கடலோரம் முழுவதும் ஒரே மாதிரி நடக்கும். மாசி, பங்குனியில் மூலையில் நிறுத்திய புல்வெட்டும் மெஷினையும் தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டரையும் பள்ளிகள், ஊராட்சி அலுவலகங்கள், விடுதிகள், தர்கா, தேவாலய வளாகங்கள், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்று எல்லா இடத்திலும் வெளியே எடுப்பார்கள். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. உடனே "கார்புரேட்டர் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் புதுக் கார்புரேட்டர் வாங்கி மாட்டுவார்கள், சில அலுவலகங்களில் மெஷினையே கண்டம் செய்ய (பயனற்றது என்று கழித்துவிட) குறிப்பு எழுதிவிடுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் வீண் செலவு. கெட்டது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டர் அல்ல, ஆறேழு மாதமாக அதற்குள் கிடந்த பெட்ரோல். அதைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர், பொருத்தமான ஸ்க்ரூ டிரைவர், ஒரு டப்பா கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, அரை நாள் பொறுமை இருந்தால் போதும். மழைக்கு முன் இதை வெளியிட்டால் பலருக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நம் பகுதியில் இந்தக் கோளாறு ஏன் அதிகம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய பூமி இது. புல்லும் சீமைக்கருவேலங் கன்றும் முளைப்பது ஐப்பசி முதல் தை வரைதான். அதன் பிறகு வெட்ட ஒன்றுமில்லை, மெஷின் கோடை முழுக்கச் சும்மா நிற்கிறது. அந்த நாட்களில் டேங்கில் இருக்கும் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய், கனமான பகுதி, பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைப் பித்தளைத் திருகான ஜெட்டில் பழுப்புப் பிசினாகப் படிகிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்பது சில மில்லிலிட்டர்தான் என்பதால் அங்கே இது இன்னும் வேகமாக நடக்கும். இதனுடன் எத்தனால் என்னும் சாராய வகையும் சேர்ந்துகொண்டது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமான 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் 2025 முதல் பெரும்பாலும் எங்கும் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடல் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஓரளவு வரை அந்த நீர் பெட்ரோலில் கரைந்தே இருக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் வெளியேறும் குழாய் இருப்பதும் அடியில்தான். ஆகவே கார்புரேட்டருக்கு முதலில் போய்ச் சேர்வது அந்த நீர்க்கலவை. அலுமினியத்தையும் துத்தநாகக் கலப்பு உலோகத்தையும் அது அரிக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. இந்தச் சிறு எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாம் என்றுதான் இருக்கிறது. எரிபொருளுக்கு ஏற்பக் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் கணினி புதிய மோட்டார் சைக்கிளில் உண்டு, இதில் கிடையாது. ஜெட்டில் எவ்வளவு துளையோ அவ்வளவுதான் பெட்ரோல். எத்தனால் கூடினால் அதே துளையில் போகும் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும். அதனால் பாதி அடைத்த ஜெட்டுடன் முன்பு எப்படியோ ஓடிய மெஷின்கூட இப்போது தடுமாறுகிறது.

கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. டேங்க் பெட்ரோலைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஒரு கோடு தெரிந்தாலோ, முத்து முத்தாக நீர் உருண்டாலோ, அந்தப் பெட்ரோல் முழுவதையும் கொட்டியாக வேண்டும். கோடு இல்லாமல் நிறம் கருத்து, மூக்கில் ஏறும் வார்னிஷ் வாடை அடித்தால் பழசாகிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

அடுத்தது டேங்க் மூடி. அதில் காற்றுப் போக ஒரு நுண்துளை உண்டு. ஆடிக் காற்றில் பறக்கும் மணலும் உப்பும் சேர்ந்து அதை அடைத்துவிடும். மெஷின் நன்றாக ஸ்டார்ட் ஆகி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, மெல்ல அடங்கி நின்றால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பின் மெஷின் ஓடினால் குற்றம் மூடியுடையது. இதைப் பார்க்காமலே எத்தனையோ கார்புரேட்டர்கள் கழற்றப்படுகின்றன.

ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை, பஞ்சு போன்ற நுரை ஃபில்டராக இருந்தால் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரை நனைக்கக் கூடாது, தட்டித்தான் எடுக்க வேண்டும். ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால், பிளேடைச் சுத்தம் செய்ய மெஷினைத் தவறான பக்கம் சாய்த்திருக்கிறார்கள் என்று பொருள். புல்வெட்டும் மெஷினைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் எப்போதும் மேல்பக்கம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் எஞ்சின் ஆயில் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் ஏறிவிடும்.

பிறகு தீப்பொறி கொடுக்கும் பிளக். ஐந்தாறு முறை கயிற்றை இழுத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஒன்று தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. முனைகளின் இடைவெளி பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் புல்வெட்டும் மெஷின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். சின்னப் பிரஷ் கட்டர்களில் 0.6 முதல் 0.7. பிளக் காய்ந்திருந்தால் அதன் துளை வழியே அரை டீஸ்பூன் நல்ல பெட்ரோல் விட்டு, பிளக்கை முடுக்கி, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலையச் சற்று விட்டு இழுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றுவிட்டால் தீப்பொறியும் அமுக்கமும் சரி, குறை பெட்ரோல் வரும் வழியில். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் முழு வேலையும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

அதன் பின் கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு டம்ளரில் விட்டுப் பெட்ரோல் திறப்பானைத் திறக்க வேண்டும். தடையின்றி ஒழுகினால் டேங்க், ஃபில்டர், திறப்பான் மூன்றும் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் கார்புரேட்டரைக் கழற்றியும் பயனில்லை. டேங்க்கின் அடியில் உள்ள வலையையும் குழாயையும் பாருங்கள். எத்தனால் பட்டுப் பழைய ரப்பர் உள்பக்கம் ஊதி வழி குறுகியிருப்பதும் உண்டு, வெளியே பார்த்தால் தெரியாது.

இனி மெஷின் காட்டும் குணத்தைப் படிக்க வேண்டும். சோக் (காற்றைக் குறைக்கும் தகடு) போட்டால் ஓடி, சோக்கை எடுத்தால் நின்றால் கலவை மெலிந்திருக்கிறது. ஜெட் பாதி அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வழியே காற்று உள்ளே புகலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: சோக்கை வைத்து ஓடவிட்டு, கேஸ்கெட் இணைப்பைச் சுற்றிச் சிறு தூரிகையால் எஞ்சின் ஆயில் தடவுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் காற்றுக் கசிவு. இதற்குக் கிளீனர் ஸ்பிரேயை அடிப்பவர்களைப் பார்க்கிறோம். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும், வேண்டாம்.

வேகம் கூடுவதும் குறைவதுமாக மெஷின் அலைபாய்ந்தால் பெரும்பாலும் மெல்ல ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட் அடைப்பு. பெட்ரோல் போதாமல் வேகம் இறங்குகிறது, உடனே வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர், கலவை போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டிலைத் திறக்கிறது, வேகம் ஏறுகிறது, கவர்னர் மறுபடி மூடுகிறது. பலர் கவர்னர் ஸ்பிரிங்கில் குறை என்று நினைத்து அதை இழுத்து வளைத்துவிடுகிறார்கள். கவர்னர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்த ஸ்பிரிங்கை வளைத்துவிட்டால் எஞ்சின் வரம்பு மீறிய வேகத்தில் சுற்றும், பிளேடு உடைந்து பறக்கும் அபாயம் உண்டு.

சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, அடர்ந்த புல்லில் இறங்கியதும் இழுவை இல்லாமல் நின்றால், சுமையில் ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட் அடைப்பு. கரும்புகை, பெட்ரோல் வாடை, ஏர் ஃபில்டர் பக்கம் ஒழுகல் இருந்தால் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய மிதவை ஊசி அடைக்காமல் ஓவர்ஃப்ளோ ஆகிறது. அப்போது கட்டாயம் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சினை ஓட்டவே கூடாது. நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் பேரிங்கும் பிஸ்டனும் தேய்ந்துவிடும். ஊசியைச் சரிசெய்து, ஆயிலை முழுக்க மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் பெட்ரோல் திறப்பானை மூடும் பழக்கம் இருந்தால் இந்தச் சேதம் வராது.

கழற்றும் வேலை வெளியில், காற்றோட்டமான நிழலில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் நடக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சின்னத் துளைக்குள் அடிக்கும் ஸ்பிரே எந்தத் துளை வழியாகத் திரும்பி முகத்தில் பாயும் என்று சொல்ல முடியாது. பிளக் தொப்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். கார்புரேட்டரின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மணலையும் உப்பையும் தூரிகையால் துடைத்த பிறகே திறக்க வேண்டும். துடைக்காமல் திறந்தால், எடுக்க வந்த அழுக்கைவிட அதிகமாக உள்ளே போய்விடும். கவர்னர் கம்பி, ஸ்பிரிங், சோக் கம்பி ஆகியவை எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங்கை ஒரு துளை தள்ளி மாட்டினாலே வேகம் மாறிவிடும்.

அடிக்கிண்ணத்தின் நடுவில் இருக்கும் போல்ட்டைக் கழற்றும்போது அதிலுள்ள பெட்ரோலை வெள்ளை நிறப் பாத்திரத்தில் பிடியுங்கள். அதில் தெரிவதுதான் நோயின் விவரம். பழுப்புத் துகள் இருந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது, அதைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் சில நாளில் திரும்ப அடைக்கும். வெள்ளைப் பொடியும் கொழகொழப்பும் இருந்தால் நீர் தங்கி உலோகத்தை அரித்திருக்கிறது. பித்தளை ஜெட்டைச் சுற்றிப் பச்சைப் படிவம் இருந்தாலும் அதே காரணம்தான். மஞ்சள் கலந்த பிசின் மட்டும் இருந்தால் வெறும் பழைய பெட்ரோல், எளிதில் சரியாகும். சில எஞ்சின்களில் அந்தப் போல்ட்டே மெயின் ஜெட். அதன் பக்கவாட்டிலும் நுனியிலும் உள்ள சிறு துளைகளைக் கவனிக்காமல் துடைத்து மாட்டிவிடக் கூடாது.

மிதவை மாட்டியிருக்கும் அச்சாணியைப் பக்கவாட்டில் தள்ளி எடுத்தால் மிதவையும் அதில் தொங்கும் ஊசியும் வரும். மிதவையைக் காதருகில் ஆட்டுங்கள், உள்ளே சளசளப்புக் கேட்டால் ஓட்டை, மாற்றத்தான் வேண்டும். ஊசியின் கூம்பு முனையில் வளையமாகத் தேய்ந்த தடம் நகத்தில் தட்டுப்பட்டால் அதையும் மாற்றுங்கள். அது உட்காரும் இடத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், உப்புத்தாள் போடவே கூடாது.

மெயின் ஜெட், கிண்ணத்துக்குள் இறங்கும் கார்புரேட்டரின் நடுத்தண்டில் ஆழத்தில் இருக்கும். பித்தளை மென்மையானது. ஸ்க்ரூ டிரைவரின் முனை அந்தக் காடியை முழுதாக நிரப்ப வேண்டும். சின்ன முனையால் திருகினால் காடி சிதைந்து, ஜெட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நல்ல கார்புரேட்டர்கள் பல குப்பைக்குப் போவது அந்தச் சிதைந்த காடியால்தான். திருக வரவில்லையென்றால் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி முயலுங்கள். ஜெட் வந்ததும் அதற்கு மேலே இருக்கும், பக்கவாட்டில் நுண்துளைகள் கொண்ட குழல் தானாக நழுவி விழும். விழாவிட்டால் கார்புரேட்டரின் வாய்ப்பக்கத்திலிருந்து மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளலாம். ஸ்லோ ஜெட் சில மாடல்களில் பிளாஸ்டிக் தலையுடன் ஐடில் ஸ்க்ரூவுக்குக் கீழே அமர்ந்திருக்கும். ஸ்க்ரூவை எடுத்த பிறகே அதை நெம்ப முடியும். பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மெயின் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து, மெஷின் அலைபாய்வது நிற்கவில்லையே என்று திகைக்கிறார்கள்.

கலவைத் திருகு எடுக்க முடிகிற வகையாக இருந்தால், எடுக்கும் முன் அதை மெதுவாக முழுக்க உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். முட்டியதும் நிறுத்த வேண்டும். இறுக்கினால் கூர்முனையும் அதன் துளையும் கெடும்.

துளையைச் சுத்தம் செய்வதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஊக்கு, ஊசி, கம்பி எதைக் குத்தினாலும் துளை விரியும் அல்லது நீள்வட்டமாகும், பிறகு எப்போதும் கரும்புகைதான். முதலில் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். அப்படியும் அடைத்திருந்தால், மின்சார ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒற்றை இழையை எடுத்து, துளையைவிட மெல்லியதாகப் பார்த்து, நுழைத்து இழுக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை விளிம்பு தெளிவான வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் உடலில் உள்ள ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரே அடித்து, அது வேறு எந்தத் துளையில் வெளிவருகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். எங்கே வெளிவரவில்லையோ அங்கே அடைப்பு இருக்கிறது. திராட்டில் தகடு மூடும் இடத்தருகே உள்ள மிகச் சிறிய துளைகளை மறந்துவிட வேண்டாம், ஐடிலிங் (மெஷின் சும்மா ஓடுவது) அவற்றை நம்பித்தான் இருக்கிறது. கடைசியாகக் காற்றடிக்க வேண்டும். சைக்கிள் பம்ப் போதும். ரப்பர் வளையம், பிளாஸ்டிக் பாகம், டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) எதிலும் ஸ்பிரே படக் கூடாது, அவற்றை முன்பே எடுத்துவிட வேண்டும்.

வீட்டுப் பித்தளையைப் புளி போட்டு விளக்குவது போலக் கார்புரேட்டரையும் புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைப்பவர்கள் உண்டு. பித்தளைக்குப் பளபளப்பு வரும், ஆனால் கார்புரேட்டர் உடல் பித்தளை அல்ல. அமிலம் அந்த உலோகத்தை அரித்து, உள்வழிகளில் மறுபடி வெள்ளைப் பொடியை உண்டாக்கும். நீரும் உள்ளே தங்கும். செய்ய வேண்டாம்.

எப்போது உண்மையாகவே கார்புரேட்டரை மாற்ற வேண்டும்? ஊசி உட்காரும் இடம் அரித்துக் குழிவிழுந்திருந்தால், திராட்டில் தண்டு ஆடும் அளவுக்குத் துளை தேய்ந்திருந்தால், உள்வழி அரித்து ஓட்டையாகியிருந்தால், உடல் விரிசல் விட்டிருந்தால். இந்த நான்கைத் தவிர வேறெதற்கும் முழுக் கார்புரேட்டர் தேவையில்லை. ஊசி, ஜெட், கேஸ்கெட், கிண்ணத்தின் ரப்பர் வளையம் என்று தனித்தனியாக மாற்றினால் போதும்.

மாட்டும்போது, கிண்ண வளையம் பெட்ரோல் குடித்து ஊதியிருந்தால் காடியில் உட்காராது. சில மணி நேரம் காற்றில் காயவிட்டால் சுருங்கும், இல்லையென்றால் புதிது போடுங்கள். கிண்ணத்தை மூடும் முன் ஊசியைச் சோதிக்கலாம். பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான குழாய் மாட்டி ஊதுங்கள். நேராகப் பிடித்தால் காற்றுப் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் நிற்க வேண்டும். தலைகீழாகப் பிடிக்கும்போது மிதவை உடலுக்கு ஏறக்குறைய இணையாக நின்றால் உயரம் சரி. துல்லிய அளவை அந்தந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள தடித்த கருப்புக் கட்டையின் இரு பக்கமும் கேஸ்கெட் வரும். துளைகள் நேராகப் பொருந்துகின்றனவா என்று பார்த்து மாட்ட வேண்டும். கலவைத் திருகை எழுதி வைத்த சுற்றுக்கே திருப்பிவிடுங்கள். கணக்குத் தெரியாவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, உள்ளே திருகித் தடுமாறும் இடத்தையும் வெளியே திருகித் தடுமாறும் இடத்தையும் கண்டு, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். இப்போதைய பெட்ரோலுக்கு நடுவிலிருந்து கால் சுற்று வெளிப்பக்கம் வைத்தால் சில மெஷின்கள் இன்னும் சீராக ஓடுகின்றன. ஜெட் துளையைப் பெரிதாக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரின் கார்புரேட்டர் வேறு வகை. அதில் கிண்ணமும் மிதவையும் இல்லை. எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் இரண்டு மெல்லிய டயாஃப்ரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒன்று டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும், மற்றொன்று அளந்து விடும். எத்தனால் பட்டும் வெப்பத்தில் காய்ந்தும் இவை விறைத்துவிடும். விரலால் தொட்டால் தளதளவென்று வளைய வேண்டும், மொடமொடப்பு இருந்தால் மாற்ற வேண்டும். டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் சேர்ந்த சிறு தொகுப்பாகவே கிடைக்கும், முழுக் கார்புரேட்டரைவிட மிகக் குறைந்த விலைதான். எது முதலில், எது அடுத்து என்ற வரிசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. கழற்றும்போதே படம் எடுக்காவிட்டால் மாற்றி மாட்டுவது நிச்சயம். பம்ப் பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு வலை இருக்கிறது, அதைத் துடைக்க மறக்காதீர்கள்.

இந்தக் கார்புரேட்டரைத் திறப்பதற்கு முன், ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலை இழுக்க அழுத்தும் ரப்பர் குமிழை அழுத்திப் பாருங்கள். அழுத்தியபின் எழாவிட்டால் டேங்கில் உள்ள ஃபில்டர் அல்லது உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கிறது. அழுத்தவே முடியாமல் கெட்டியாக இருந்தால் திரும்பிப் போகும் குழாய் அடைப்பு. எவ்வளவு அழுத்தியும் குமிழில் காற்றுக் குமிழிகள் தீரவில்லையென்றால் குழாயில் வெடிப்பு, பெரும்பாலும் டேங்கில் நுழையும் இடத்தில். டேங்கின் உள்ளே கிடக்கும் ஃபில்டரை வளைந்த கம்பியால் கொக்கி போட்டு எடுத்து மாற்றிவிடலாம்.

இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்கு ஆயில் கலப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்றக் கூடாது. ஆயில் இல்லாத பெட்ரோல் சில நிமிடத்தில் பிஸ்டனைச் சிக்க வைத்துவிடும். நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்கு எஞ்சின் ஆயில் தனியாக இருப்பதால் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. ஒரே தோப்பில் இரண்டு வகையும் இருந்தால் கேன்களில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது. வேகம் கூட வேண்டும் என்று கார்புரேட்டரில் எச் (H) எழுத்துப் போட்ட கலவைத் திருகை உள்ளே திருகுவதும் ஆபத்து. கலவை மெலிந்து சத்தம் கிண்ணென்று ஏறும்போது வேகம் வந்தது போலத் தோன்றும், ஆனால் அதே நேரத்தில் சிலிண்டர் சூடேறிக் கருகிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் தேவைப்படாமல் இருக்க வழி எளிது. தை, மாசியில் கடைசி வெட்டு முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்து, திறப்பானைத் திறந்தபடி எஞ்சினைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து, கனமாகத் தட்டும் இடத்தில் நிறுத்தினால் வால்வுகள் மூடியிருக்கும், உப்புக்காற்று சிலிண்டருக்குள் போகாது. நம் ஊர்களில் போர்வெல் நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் மெஷினைக் கழுவக் கூடாது. நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். பாலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்க்கும், பருத்தித் துணியோ சாக்கோ போர்த்துங்கள். சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பது நல்லது. வெட்டும் பருவத்திலும் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய பெட்ரோலுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். வைக்கும் கேனின் மூடி இறுகியிருக்கட்டும்.

வடித்த பழைய பெட்ரோலை மணலில் கொட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கடலோர மணல் அதைத் தடுக்காது, நேராக ஊற்றுநீருக்கு இறங்கும். மண்டபம் முதல் இராமேசுவரம் வரை, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கமும் எத்தனையோ குடும்பங்கள் மணலில் தோண்டிய ஊற்றையும் ஆழமில்லாத கிணற்றையும் நம்பி இருக்கின்றன. கேனில் மூடி வைத்து, பழைய எஞ்சின் ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

இந்தக் கடிதம் வழியாகச் சில வேண்டுகோள்கள். ஊராட்சி அலுவலகங்களும் பள்ளிகளும் புல்வெட்டும் மெஷினுக்கு ஒரு சிறு நோட்டு வைத்து, பெட்ரோல் ஊற்றிய தேதியையும் மாசியில் வடித்த தேதியையும் எழுத வேண்டும். கண்டம் செய்யும் குறிப்பில், கிண்ணத்தைத் திறந்தபோது என்ன இருந்தது, ஜெட் கழற்றிப் பார்க்கப்பட்டதா என்ற இரண்டு வரிகளையாவது சேர்க்க வேண்டும். புது மெஷின் வாங்கும்போது விலையோடு, அந்த மாடலின் ஊசி, ஜெட், டயாஃப்ரம் தொகுப்பு மாவட்டத்திலேயே தனியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இராமநாதபுரத்து உதிரிபாகக் கடைக்காரர்கள் முழுக் கார்புரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு, சில்லறைப் பாகம் இல்லை என்று மதுரைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும். ஒரு மிதவை ஊசிக்காக மதுரை வரை போய்வர யாருக்கும் மனம் வராது, அதனால்தான் முழுக் கார்புரேட்டரும் விற்பனையாகிறது. மாவட்டத்து அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு நாள், பள்ளி, ஊராட்சிப் பணியாளர்கள் தங்கள் மெஷினைக் கொண்டுவந்து தாங்களே கழற்றிச் சுத்தம் செய்யப் பழகும்படி ஒரு முகாம் நடத்தினால், ஜெட் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் தங்கள் கையாலேயே தெரிந்துகொள்வார்கள்.

மழை இன்னும் பிடிக்கவில்லை. மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
உச்சிப்புளி, மண்டபம் வட்டாரம்,
இராமநாதபுரம் மாவட்டம்.